பாஸ்தா மெஷின் வாங்கலாமா? முடிவெடுப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

கையால் சுற்றும் பாஸ்தா மெஷின் செய்வது ஒரே ஒரு வேலைதான். பிசைந்த மாவை ஒரே சீரான கனத்தில் மெல்லிய பட்டையாக இழுத்துத் தரும். கூடவே வரும் வெட்டும் உருளை அந்தப் பட்டையை நாடா நாடாவாக நறுக்கும். மாவு பிசைவது, ஊறவிடுவது, ஒட்டாமல் பரப்பி வைப்பது, வேகவைப்பது, மேடையெல்லாம் சிந்திய மாவைத் துடைப்பது எல்லாம் அப்படியே நம் கையில்தான் இருக்கும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். மாவை மெல்லியதாகத் தேய்ப்பதுதான் உங்களுக்குத் தடையாக இருக்கிறது என்றால் மெஷின் பெரிய உதவி. பிசைய நேரமில்லை, துடைக்கப் பொறுமையில்லை என்பது தடையென்றால், எவ்வளவு நல்ல மெஷின் வாங்கினாலும் அது அலமாரிக்குள்தான் போகும். தடை எது என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, செய்து பார்த்தால்தான் தெரியும். அதற்கான வழி கீழே.

முதல் படி: நீங்கள் சாப்பிட விரும்புவது எந்தப் பாஸ்தா?

பாக்கெட்டில் வரும் உலர்ந்த பாஸ்தாவும் வீட்டில் செய்யும் ஃப்ரெஷ் பாஸ்தாவும் வேறு வேறு பண்டங்கள். ஒன்று மட்டம், மற்றது உசத்தி என்று நினைப்பதால்தான் பலர் தவறான காரணத்துக்காக மெஷின் வாங்குகிறார்கள்.

உலர்ந்த ஸ்பாகெட்டி, பென்னே, ஃபுசிலி எல்லாம் டூரம் என்ற கெட்டியான கோதுமையின் ரவையையும் தண்ணீரையும் சேர்த்து, அதிக அழுத்தத்தில் அச்சு வழியாகப் பிழிந்து செய்வது. இத்தாலியில் உலர் பாஸ்தாவுக்கு டூரம் கோதுமைதான் பயன்படுத்த வேண்டும் என்று 1967இலேயே சட்டம் போட்டார்கள். பிழிந்ததை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்கும் அறைகளில் உலர்த்துகிறார்கள். வெந்த பிறகும் கடிக்கும்போது நடுவில் லேசாக எதிர்த்து நிற்கிறதே, அந்தப் பதம் இந்த மாவிலிருந்தும் இந்த உலர்த்தலிலிருந்தும் வருவது. உருளை மெஷினால் அதைக் கொண்டுவர முடியாது. வீட்டுக் காற்றில் காயவைத்தால் வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பின்தங்கி, நாடாக்கள் விரிசல் விட்டு ஒடியும்.

ஃப்ரெஷ் பாஸ்தா பெரும்பாலும் மென்மையான கோதுமை மாவில் முட்டை சேர்த்துப் பிசைவது. இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். பட்டுப் போல் வழுக்கும், வெண்ணெய், க்ரீம், நீண்ட நேரம் கொதித்த குழம்பான சாஸ் ஆகியவற்றைத் தன்மேல் பூசிக்கொள்ளும். நாடா வடிவ டாலியாட்டெல்லே, அகலத் தகடான லசான்யா, உள்ளே பூரணம் வைத்து மூடும் ரவியோலி மூன்றும் இந்தக் குடும்பம்.

ஆகவே கடந்த இரண்டு மாதங்களில் உங்கள் வீட்டில் செய்த பாஸ்தாவை எல்லாம் நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். பென்னேயும் ஸ்பாகெட்டியும் மக்ரோனியும்தான் வருகின்றன, அவற்றை மாற்றவும் விருப்பமில்லை என்றால், உருளை மெஷின் உங்களுக்கு வேண்டாம். இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் காசுக்கு நல்ல தரமான உலர் பாஸ்தாவை வாங்கிச் சாப்பிடுங்கள், நாக்குக்கு அதில்தான் அதிக லாபம்.

இரண்டாம் படி: மெஷின் இல்லாமல் மூன்று முறை செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஓர் ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. ஓட்டை நீக்கினால் முட்டை ஏறக்குறைய 50 கிராம் இருக்க வேண்டும். பெரிய முட்டையாக இருந்தால் அடித்து எடை போட்டு மிச்சத்தை வைத்துவிடுங்கள். இத்தாலியர்கள் 00 என்று குறிக்கும் மிக நைசான கோதுமை மாவு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் மைதாவே போதும். முதல் தடவை இரண்டு பேருக்கு மட்டும், அதாவது 200 கிராம் மாவும் இரண்டு முட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவைக் குவித்து நடுவில் குழி செய்து முட்டையை ஊற்றுங்கள். முள்கரண்டியால் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாவை இழுத்துக் கலக்குங்கள். சேர்ந்து வந்ததும் கையால் பிசையத் தொடங்குங்கள். முதல் மூன்று நிமிடம் மாவு திட்டுத் திட்டாக, வறண்டு, ஒன்று சேராது போலத் தோன்றும். அப்போது தண்ணீர் தெளிக்கக் கை துறுதுறுக்கும். தெளிக்காதீர்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி தள்ளுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் காது மடலைத் தொடுவது போல வழவழவென்று ஆகிவிடும். விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பி வரும்.

மூடி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிசையும்போது மாவிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் வலையாகிவிடும். அந்த வலை விறைப்பாக இருக்கும் வரை எவ்வளவு தேய்த்தாலும் மாவு சுருங்கிச் சுருங்கித் திரும்பும். ஊறினால் விறைப்பு தளர்ந்து, சொன்ன இடத்தில் நிற்கும். உருளை மெஷின் இருந்தாலும் இந்த அரை மணி நேரத்திலிருந்து தப்ப முடியாது.

பிறகு பூரிக்கட்டையால் தேயுங்கள். பின்னால் பிடித்த கையின் நிழல் மாவினூடே தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். மேலே கொஞ்சம் மாவு தூவி, தளர்வாகச் சுருட்டி, கத்தியால் நாடாக்களாக நறுக்கி, உடனே உதறிப் பிரித்துவிடுங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் 10 கிராம் உப்பும் கணக்கு. கொதிக்கும் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

மூன்று முறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் முறை எல்லாமே கஷ்டமாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாம் முறை மாவின் பதம் கைக்குப் பிடிபடும். மூன்றாம் முறைதான் எது உண்மையான தடை, எது வெறும் பழக்கமின்மை என்று பிரித்துப் பார்க்க முடியும். என்னுடைய மூன்றாம் முறையில் பிசைவது பிரியமான வேலையாகிவிட்டது. தேய்ப்பதுதான் தோளைப் பிடுங்கியது. நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வந்து, ஒரே தட்டில் பாதி குழைந்தும் பாதி மாவு வாசனையோடும் இருந்தது. எனக்கு மெஷின் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் தோழி ஒருத்திக்கு நேர்மாறு. அவள் தேய்ப்பாள், சலிக்கமாட்டாள். பிசைவதுதான் அவளுக்கு மணிக்கட்டு வலி. அவளுக்கு வேண்டியது மாவு பிசையும் கருவி. உருளை மெஷின் வாங்கியிருந்தால் வலி அப்படியே இருந்திருக்கும்.

இந்த மூன்று முறையில் ஒரு முறையாவது எந்தக் கருவியும் தேவைப்படாத வடிவங்களைச் செய்து பாருங்கள். டூரம் ரவை மாவு 100 கிராமுக்கு 45 முதல் 50 கிராம் வரை வெதுவெதுப்பான தண்ணீர், முட்டை வேண்டாம். கயிறு போல உருட்டி, சிறு துண்டுகளாக நறுக்கி, கத்தியின் மழுங்கிய முனையால் இழுத்து விரலில் கவிழ்த்தால் ஒரெக்கியெட்டே, அதாவது சின்னக் காது. இரண்டு விரலால் அழுத்தி இழுத்தால் கவதெல்லி. தென் இத்தாலியில் இவற்றைக் கையாலேயே செய்து பழகிய குடும்பங்கள் ஏராளம். இதில் மனம் தோய்ந்துபோய், மெஷின் எண்ணத்தையே விட்டவர்கள் உண்டு.

மூன்றாம் படி: நேரத்தைக் குறித்து வையுங்கள்

மூன்றாவது முறை செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நிமிடங்களை எழுதுங்கள். நான்கு பேருக்கு என் கணக்கு இது: அளந்து கலக்க ஐந்து நிமிடம், பிசைய பத்து, ஊற முப்பது, பூரிக்கட்டையில் தேய்க்கவும் வெட்டவும் நாற்பத்தைந்து, சுத்தம் செய்யப் பத்து. மெஷின் வந்த பிறகு அந்த நாற்பத்தைந்து இருபதாக இறங்கியது. மற்றவை அப்படியே. சுத்தம் செய்வது மட்டும் இரண்டு மூன்று நிமிடம் கூடியது.

ஆக, முழு வேலையில் மெஷின் மிச்சப்படுத்துவது இருபது, இருபத்தைந்து நிமிடம். ‘மெஷின் இருந்தால் சட்டென்று பாஸ்தா செய்துவிடலாம்’ என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். அலுத்துப்போய் வீடு திரும்பும் வேலைநாள் இரவுக்குப் பாக்கெட் பாஸ்தாதான் கை கொடுக்கும். மெஷின், பொழுது இருக்கும் நாளுக்கான சாமான்.

நேரத்தைவிட முக்கியமான லாபம் சீரான கனம். டாலியாட்டெல்லேக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டு அடுக்காக ஒட்டும் ரவியோலிக்கு இன்னும் மெல்லியது என்று நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ரவியோலி அடிக்கடி செய்ய ஆசைப்படுபவர்கள் அதிகம் யோசிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கையால் அவ்வளவு மெல்லியதாக, அவ்வளவு நீளமாக, ஓட்டையில்லாமல் தேய்ப்பதற்கு நெடுநாள் பயிற்சி வேண்டும். இத்தாலியின் பொலோன்யா நகரில் ஒரு மீட்டர் வரை நீளும் கட்டையை வைத்து மாவை மேசை அகலத்துக்கு விரிக்கும் பெண்களை ஸ்ஃபோலீனா என்பார்கள், அது ஒரு தொழில். அங்கே டாலியாட்டெல்லேயின் அகலத்தை 1972இல் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்தார்கள்: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அந்த ஊரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. வீட்டு மெஷின்களில் இருக்கும் அகலமான வெட்டு பொதுவாக ஆறரை மில்லிமீட்டர். வெந்து ஊதும்போது அந்த அளவை நெருங்கிவிடும்.

பணக் கணக்கு சுலபம். மெஷினின் விலையை, ஐந்து வருடத்தில் எத்தனை முறை உண்மையாகவே பயன்படுத்துவீர்களோ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். மாதம் ஒரு முறை என்றால் 60, வருடம் ஒரு முறை என்றால் 5. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். எண்ணிக்கையை ஆசையிலிருந்து எடுக்காமல், மூன்று முறை செய்து முடிக்க உங்களுக்கு எத்தனை வாரம் ஆனது என்பதிலிருந்து எடுங்கள். இன்னொன்று: உலர் பாஸ்தாவோடு ஒப்பிட்டால் மெஷின் தன் விலையை ஒருநாளும் மீட்காது, ஏனென்றால் உலர் பாஸ்தா மலிவு. கடையில் ஃப்ரெஷ் பாஸ்தாவும் ரவியோலியும் அடிக்கடி வாங்குபவர்களுக்கு மட்டுமே காசு மிச்சமாகும்.

நான்காம் படி: மேசையை அளந்து பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. உருளை மெஷின் மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினால்தான் நிற்கும். என் முதல் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆசையாகச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனேன். பலகைக்கு அடியில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், குறுக்குச் சட்டம் ஓடியது. கிளாம்பின் தட்டு உட்கார இடமில்லை. சமையல் மேடைக்குப் போனால் அதன் கல் தடிமனாக இருந்ததோடு, கீழே இழுப்பறை. கடைசியில் கனமான மரப்பலகை ஒன்றின் ஓரத்தில் மெஷினை மாட்டி, பலகையை ஈரத்துணி மேல் வைத்து, என் அக்கா பலகையைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன்.

ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். விளிம்பின் தடிமன், விளிம்புக்கு அடியில் காலியாக இருக்கும் ஆழம், கைப்பிடி முழு வட்டம் சுற்றுவதற்குப் பக்கவாட்டில் இடம். கிளாம்ப் எத்தனை சென்டிமீட்டர் தடிமன் வரை பிடிக்கும் என்று மெஷினின் விவரத்தில் போட்டிருக்கும்.

அடுத்தது பட்டையைப் பரப்ப இடம். முட்டையோடு சேர்த்துப் பிசைந்த, ஓர் ஆளுக்கான 150 கிராம் மாவை, 15 சென்டிமீட்டர் அகலமுள்ள உருளையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்தால், ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம் வரும். நான்கு பேருக்கு மூன்று மீட்டருக்கு மேல். பாதியாக வெட்டினாலும் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துப் போட வேண்டும். சின்னச் சமையலறை என்றால் தட்டு தட்டாகப் பிரித்து, இரண்டு பேருக்கு மட்டும் செய்யும் வழக்கம் சரிப்படும்.

மெஷினை வைக்கும் இடமும் முக்கியம். இரும்பு மெஷின் மூன்று கிலோ அளவுக்குக் கனக்கும். உயரத்தில் ஏற்றி வைத்தால் இறக்கத் தோன்றாது. இடுப்பு உயர அலமாரியில் இடமில்லை என்றால், அதையும் உங்கள் எண்ணிக்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எந்த வகை?

முக்கியமாக மூன்று வகை உண்டு.

கையால் சுற்றும் உருளை மெஷின் பெரும்பாலோருக்குப் பொருந்தும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. இத்தாலியின் மார்காத்தோ நிறுவனத்தின் அட்லஸ் 150 இந்த வகைக்கு நல்ல மாதிரி. பெயரிலுள்ள 150 பட்டையின் அகலம், மில்லிமீட்டரில். பக்கத்துத் திருகியில் பத்து நிலைகள், சுமார் 4.8 மில்லிமீட்டரிலிருந்து 0.6 வரை. வேறு மெஷின்களில் நிலைகளின் எண்ணிக்கையும் எண்ணிடும் திசையும் மாறும். ஆகவே சமையல் குறிப்பில் ‘6இல் வையுங்கள்’ என்றிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம், கனத்தைக் கண்ணால் பாருங்கள். இதன் ஒரே சங்கடம் கை. ஒரு கை சுற்ற, ஒரு கை மாவை ஊட்ட, வெளியே வருவதைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். தனியாகச் சமைப்பவர்கள் பழகிக்கொள்ளலாம், கொஞ்ச நாள் ஆகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கைப்பிடி சுற்றுவதற்குச் சண்டையே வரும்.

ஸ்டாண்ட் மிக்ஸரில் (மேடையில் நின்று மாவு பிசையும் மின் கருவி) மாட்டும் உருளை இரண்டு கையையும் விடுவித்துவிடும், ஓட்டமும் சீராக இருக்கும். மிக்ஸர் ஏற்கெனவே உங்களிடம் இருந்து, மாதம் இரண்டு முறைக்கு மேல் செய்தால் இதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது. இதற்காகவே மிக்ஸர் வாங்குவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நிறுவனத்தின் மிக்ஸருக்கு இன்னொரு நிறுவனத்தின் உருளை பொருந்தாமல் போகலாம், மாடல் எண்ணைச் சரிபார்த்த பிறகே வாங்குங்கள்.

மாவையும் தண்ணீரையும் போட்டால் தானே கலந்து அச்சு வழியாகப் பிழிந்து தரும் மின்சார மெஷின் மூன்றாவது. பென்னே, மக்ரோனி போன்ற துளையுள்ள வடிவங்களோ ஃபுசிலி போன்ற முறுக்கு வடிவங்களோ வேண்டுமென்றால் இதுதான் வழி. பிசையவும் வேண்டாம், ஊறவிடவும் வேண்டாம் என்பதால், மணிக்கட்டு வலியுள்ள என் தோழிக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன், அவளுக்கு உருளையில் வரும் மெல்லிய பட்டை வேண்டும் என்று இல்லாவிட்டால். இதற்கு மாவு முற்றிலும் வேறு பதம். 300 கிராம் மாவுக்கு 100 கிராம் அளவுக்குத்தான் திரவம். கலந்த பிறகு ஈர மணல் போல உதிரியாக இருக்க வேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தேய்த்தால் உதிரும். கொஞ்சம் ஈரம் கூடினாலும் வெளியே வரும் குழல்கள் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் மோட்டார் திணறும். அதனால் தராசு இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள், கோப்பைக் கணக்கு இங்கே செல்லாது.

இந்த வகை ஒன்றை நான் ஒரு வருடம் வைத்திருந்தேன். பாஸ்தா நன்றாகவே வந்தது. என்னை விரட்டியது அச்சைச் சுத்தம் செய்யும் வேலை. ஒவ்வொரு துளையிலும் மாவு அடைத்து இறுகியிருக்கும். ஈரமாக இருக்கும்போது குத்தினால் பசை போல இழுபடும். ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் குச்சியால் தள்ளினால் முழுசாக விழும் என்று பிறகு கற்றுக்கொண்டேன், ஆனாலும் அந்த வேலை மறுநாளுக்கு நீள்வது எனக்கு ஒத்துவரவில்லை. வாங்கினால் அச்சின் பொருளையும் பாருங்கள். வெண்கல அச்சில் பிழிந்தால் பாஸ்தாவின் மேற்பரப்பு சொரசொரப்பாக வந்து சாஸை இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் அச்சில் வழவழப்பாக வரும்.

ஆறாம் படி: கையில் எடுத்துப் பார்க்கும்போது

கைப்பிடியை மாட்டிச் சுற்றுங்கள். நறநறவென்று சத்தமோ, ஓரிடத்தில் மட்டும் இறுக்கமோ இருக்கக் கூடாது. கைப்பிடி துளையில் தொளதொளவென்று இருந்தால், சுற்றும்போது கழன்று காலில் விழும். உருளைகளை மிக மெல்லிய நிலைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு உருளைக்கும் நடுவில் தெரியும் ஒளிக்கீற்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் பட்டை எப்போதும் வளைந்து வளைந்துதான் வரும், அதைச் சரிசெய்ய முடியாது. வெட்டும் பகுதியின் அடியில் நாடாக்களை உருளையிலிருந்து பிரித்துவிடும் சீப்பு போன்ற துண்டு உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய மெஷின் கிடைத்தால் ஒதுக்காதீர்கள். இது அதிகம் தேயாத சாமான், ஓரிரு முறை பயன்படுத்திவிட்டு விற்பவர்கள்தான் நிறைய. மேலே சொன்ன சோதனைகளோடு துருவையும் பாருங்கள். வெளி உடம்பில் லேசான கறை பரவாயில்லை. உருளை மேலோ வெட்டும் பற்களிலோ துரு இருந்தாலும், முலாம் உரிந்திருந்தாலும் வேண்டாம், அது மாவில் கலக்கும். களிமண் கைவினைக்கு இதே மெஷினைப் பயன்படுத்துபவர்கள் உண்டு, அப்படிப் பயன்பட்டதா என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: வாங்கிய முதல் நாள்

புது மெஷினின் உருளைகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் மாவைப் பிசைந்து எல்லா உருளைகளிலும் நாலைந்து தரம் ஓட்டித் தூக்கி எறியுங்கள். அந்த மாவு சாம்பல் நிறத்தில் வரும், அதைப் பார்த்தால் ஏன் எறியச் சொன்னேன் என்று புரியும்.

பிறகு உண்மையான மாவு. ஓர் ஆளுக்கான உருண்டையை எடுத்து, மற்றதை மூடியே வையுங்கள். உள்ளங்கையால் தட்டி, அகலமான நிலையில் விடுங்கள். முதல் தடவை வெளியே வருவது ஓரமெல்லாம் கிழிந்து, காய்ந்த நிலம் போல வெடித்திருக்கும். மனம் தளர வேண்டாம். கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, திறந்த விளிம்பு முன்னே போகும்படி மறுபடி விடுங்கள். நாலாவது ஐந்தாவது தடவையில் வெடிப்புகள் மூடி, ஓரம் நேராகி, பட்டை உருளையின் முழு அகலத்துக்கும் வந்துவிடும். நான் கைப்பிடியைச் சுற்ற, அக்கா கீழே கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “மெதுவா சுத்துடி, இந்த ஓரம் ஒட்டுது, கொஞ்சம் மாவு தூவு” என்றாள். தூவினேன். அடுத்த சுற்றில் பட்டை அவள் கையில் துணி மாதிரி மடிந்து விழுந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிலையிலும் ஒரு தடவை, மடிக்காமல். நிலைகளைத் தாண்டிக் குதித்தால் மாவு கிழியும். வெட்டுவதற்கு முன் பட்டையை ஐந்து, பத்து நிமிடம் வெளியே விடுங்கள். தொட்டால் ஒட்டக் கூடாது, மடித்தால் ஒடியக் கூடாது. நாடாக்கள் பிரியாமல் ஒட்டி வந்தால் கோளாறு மெஷினில் இருக்காது. மாவு ஈரமாக இருக்கும், அல்லது பட்டை காய்வதற்குள் அவசரப்பட்டிருப்பீர்கள்.

கீரை விழுது கலந்தால் அந்த ஈரத்தின் அளவுக்கு முட்டையைக் குறைக்க வேண்டும். முழுக்கோதுமை மாவில் தவிடு குளூட்டன் வலையை அறுத்துவிடும், குளூட்டன் இல்லாத மாவில் வலையே கிடையாது. இரண்டையும் ஓரிரு நிலை தடிமனாக நிறுத்திவிடுவது நல்லது.

நறுக்கியதை ரவை தூவி, பறவைக் கூடு போலச் சுற்றித் தட்டில் வையுங்கள். முட்டை மாவு என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மாவை உருண்டையாகவே ஒரு நாள் வைத்தால் சாம்பல் நிறம் தட்டும், அது நொதியும் காற்றும் சேர்ந்து செய்வது, கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் கூடுகளைத் தட்டோடு ஃப்ரீசரில் வைத்து, கல் போல இறுகியதும் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும்.

மெஷினைத் தண்ணீரில் காட்டவே கூடாது. கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. உள்ளே போன ஈரம் வெளியே வராது, துருவாகத்தான் வரும். ஒட்டியிருக்கும் மாவை உடனே சுரண்டாமல் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டி, காய்ந்த பெயிண்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கித் துலக்குங்கள். பற்களுக்கு நடுவில் தங்கியதை மரக்குச்சியால் எடுங்கள், கத்தி முனை கீறிவிடும். கைப்பிடியையும் கிளாம்பையும் ஒரு துணிப்பையில் போட்டு மெஷினோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். நான் அந்தப் பைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருக்கிறேன்: டாலியாட்டெல்லேக்கு எந்த நிலை, ரவியோலிக்கு எந்த நிலை, அன்றைக்கு முட்டை எத்தனை கிராம் இருந்தது என்று ஒவ்வொரு தடவையும் அதில் எழுதுவேன்.